‘தவறென்றால் கைவிடுகிறேன்’: அறிவியல் முறை பற்றி முதலாமாண்டு மாணவர்களோடு

(கல்லூரி முதலாமாண்டு மாணவர்களுக்கான வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்.)



‘அறிவியல் முறை என்றால் என்ன’ என்று உங்களோடு பேசச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒரு படம் பார்த்திருப்பீர்கள். உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு என்று நான்கு பெட்டிகள், இடையிடையே அம்புக்குறி. மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். அதை மறுபடியும் ஒப்பிக்க நான் வரவில்லை. பள்ளியில் நான் செய்த ஒரு திருட்டிலிருந்து தொடங்குகிறேன்.

இயற்பியல் செய்முறை வகுப்பு. தனி ஊசல் சோதனை. ஒரு மீட்டர் நூல், அதன் முனையில் ஒரு உலோகக் குண்டு. இருபது அலைவுகளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, சூத்திரத்தில் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் கிடைக்கும். விடை 9.8 என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். எனக்கு 10.9 வந்தது. மறுபடி செய்தேன், மறுபடியும் 10.9. மணி அடிக்கப் போகிறது. பக்கத்தில் இருந்த தோழி சொன்னாள்: “ஏய், 9.8லேருந்து பின்னாடி போட்டு வா.” போட்டேன். இருபது அலைவுக்கு 38 நொடி என்று எழுதியிருந்ததை அழித்துவிட்டு 40.1 என்று எழுதினேன். விடை 9.8. டிக். முழு மதிப்பெண்.

பல ஆண்டுகள் கழித்து, ஆய்வு மாணவியாக இருந்தபோது, இளங்கலை மாணவர்களின் செய்முறை வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. ஒரு பெண் குண்டை விட்டாள். விடும்போதே ‘ஒன்று’ என்றாள். குண்டு போய்த் திரும்பியதும் ‘இரண்டு’ என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விடும்போதே ஒன்று என்று எண்ணினால், ‘இருபது’ என்று சொல்லும்போது முடிந்திருப்பது பத்தொன்பது அலைவுகள்தான். பத்தொன்பது அலைவின் நேரத்தை இருபதின் நேரம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் எவ்வளவு வரும் தெரியுமா? 10.9.

அதாவது நான் அழித்த அந்த எண் குப்பை அல்ல. நான் எங்கே தவறினேன் என்பதை அது துல்லியமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்காமல், வர வேண்டிய விடைக்கு ஏற்றபடி பார்த்ததை மாற்றி எழுதிவிட்டேன். அதற்கு மதிப்பெண்ணும் கொடுத்தார்கள்.

வேதியியல் செய்முறைக் குறிப்பேட்டில் மூன்று பத்தி போட்டிருப்போம்: சோதனை, காண்பன, அறிவன. முதலில் செய். பிறகு கண்டதை எழுது. கடைசியில் அதிலிருந்து அறிந்ததை எழுது. அறிவியல் முறை முழுவதும் இந்த வரிசையில் இருக்கிறது. நாம் நடைமுறையில் செய்வது என்ன? ‘இது என்ன உப்பு’ என்று யாரையாவது கேட்டுத் தெரிந்துகொண்டு, அறிவன பத்தியை முதலில் நிரப்பிவிட்டு, அதற்கேற்ற மாதிரி காண்பன பத்தியை எழுதுகிறோம்.

இப்படி எழுதுவதை நமக்குப் பள்ளிக்கூடம் மட்டும் கற்றுத் தரவில்லை. நாம் பிறந்த சமூகமே அப்படித்தான் இயங்குகிறது. ‘இவன் இப்படித்தான் இருப்பான்’ என்ற முடிவு முதலில். பிறகு அவனைப் பார்ப்பது. இன்று நான் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

தோற்கவே முடியாத வாதம்

முதுகலை படித்தபோது ஓர் ஆசிரியர் இருந்தார். “கோட்டாவுல வர்ற பிள்ளைங்களுக்கு லேப்ல கை வராது” என்பார். வகுப்பில் எல்லோர் முன்னாலும்தான் சொல்வார். எங்களில் யாராவது ஒரு கண்ணாடிக் குழாயை உடைத்துவிட்டால், “பார்த்தீங்களா?” என்பார். எங்களில் ஒருவர் வகுப்பிலேயே சிறப்பாகச் செய்தால், “அவன் விதிவிலக்கு” என்பார். வேறு மாணவர் குழாயை உடைத்தால், “பாவம், கவனக்குறைவு.”

கோபம் இருக்கட்டும். கொஞ்சம் நிதானமாக அந்த வாதத்தைப் பாருங்கள். குழாய் உடைந்தாலும் அவர் சொன்னது சரி. உடையாவிட்டாலும் சரி. என்ன நடந்தாலும் ஜெயிக்கிற வாதம் அது. இவ்வளவு வலுவான வாதம் என்று நமக்குத் தோன்றலாம். அதுதான் அதன் பலவீனம். எது நடந்தாலும் பொருந்தும் என்றால், எது நடக்கும் என்பதைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. ஜோசியரும் இதைத்தான் செய்கிறார். கல்யாணம் கூடிவந்தால் குரு பார்வை, தட்டிப்போனால் பரிகாரம் சரியில்லை.

ஒரு கூற்று அறிவியல் கூற்றா என்று தெரிந்துகொள்ள, அதைச் சொல்பவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “எதைக் காட்டினால், நான் சொன்னது தவறு என்று நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்?” அதற்கு அவரிடம் பதில் இருந்தால், பேசலாம், சோதிக்கலாம். பதிலே இல்லையென்றால் அங்கே சோதிக்க ஒன்றுமில்லை. அந்த நான்கு பெட்டிகளும் இந்தக் கேள்வியை முறையாகக் கேட்பதற்கான ஏற்பாடுதான். கருதுகோள் என்றால் ஓர் ஊகம். ஆனால் தோற்கத் தயாராக இருக்கும் ஊகம். சோதனை என்றால் அது தோற்பதற்கு நேர்மையாக ஒரு வாய்ப்புக் கொடுப்பது.

ஒன்றை மட்டும் மாற்று

செல்போன் சார்ஜ் ஏறவில்லை. என்ன செய்வீர்கள்? வயரை மாற்றிப் பார்ப்பீர்கள். ஏறவில்லை என்றால் பழைய வயரையே போட்டு அடாப்டரை மாற்றுவீர்கள். அதுவும் இல்லையென்றால் பிளக் பாயிண்டை மாற்றுவீர்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிச் சார்ஜ் ஏறினால், கோளாறு எதில் என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை. இதற்குத்தான் கட்டுப்படுத்தப்பட்ட சோதனை என்று பெயர். உங்கள் எல்லோருக்கும் இது ஏற்கெனவே தெரியும்.

இதைச் சாதிக்குச் செய்ய முடியுமா? முடியும். செய்திருக்கிறார்கள்.

“தனியார் வேலையில் சாதி எல்லாம் கிடையாது, திறமைக்குத்தான் வேலை” என்று சொல்வார்கள். நாம் “அப்படி இல்லை” என்போம். அவர்கள் “உங்களுக்குத் தகுதி பத்தவில்லை” என்பார்கள். தகுதி, அனுபவம், ஆங்கிலம், படித்த கல்லூரி என்று எல்லாம் சேர்ந்து கிடப்பதால் எது காரணம் என்று பிரிக்க முடியாமல் வாதம் நீளும். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சார்ஜர் வயரை மாற்றுவது போல ஒன்றை மட்டும் மாற்றினார்கள். நாளிதழில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். விளம்பரம் கேட்ட தகுதிக்கு ஈடான படிப்பு, ஈடான அனுபவம். மாறியது பெயர் மட்டும். ஒன்றில் உயர்சாதிக் குடும்பப் பெயர், ஒன்றில் தலித் குடும்பப் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர்.

இங்கே நம் கேள்வியைக் கேளுங்கள். எது வந்தால் ‘பாகுபாடு இருக்கிறது’ என்ற கருதுகோள் தோற்கும்? மூன்று பெயருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் நேர்முக அழைப்பு வந்தால் தோற்கும். தோற்பதற்கு வழி திறந்தே இருந்தது. வந்த முடிவு: உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. நேர்முகத் தேர்வுக்கே போகவில்லை. முகத்தை யாரும் பார்க்கவில்லை. ‘கை வருமா’ என்று சோதிக்கவும் இல்லை. பெயர் மட்டுமே வேலை செய்திருக்கிறது.

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலிருந்து நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதியை வெட்டிவிட்டோம் என்று பெருமைப்படுகிறோம். நியாயமான பெருமைதான். ஆனால் நேர்முகத்தில் “சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்?” என்று கேட்கும்போது எதைத் தேடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

மூக்கை அளந்த கதை

அளந்தால் போதும், எண் இருந்தால் போதும், அது அறிவியல் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணை வைத்தும் காண்பன பத்தியை முன்முடிவுக்கேற்ப நிரப்பலாம்.

ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற ஆங்கிலேய ஐ.சி.எஸ். அதிகாரி 1891இல் வங்காளத்தின் பழங்குடிகளையும் சாதிகளையும் பற்றிப் பெரிய நூல்தொகுதியை வெளியிட்டார். அவருடைய முக்கியமான கருவி மூக்கு. மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் மூக்குக் குறியீட்டெண். 70க்குக் கீழே என்றால் கூர்மூக்கு, 85க்கு மேலே என்றால் தட்டைமூக்கு. ஒரு சாதியின் சராசரி மூக்கு எவ்வளவு அகலமோ அவ்வளவு தாழ்ந்தது அதன் சமூக நிலை என்றார் அவர். சாதி என்பது இனம், மேல்சாதி ஆரியர் என்பது அவர் முடிவு. இதே ரிஸ்லிதான் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர். அந்தக் கணக்கெடுப்பில் சாதிகளை எண்ணியதோடு நிற்கவில்லை. சமூக மதிப்பின் வரிசைப்படி மேல், கீழ் என்று அடுக்கவும் செய்தார்கள்.

சென்னையிலும் இது நடந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்துகொண்டிருந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி அவர் ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளை இன்றைக்கும் பலர் சாதிப் பெருமை பேச மேற்கோள் காட்டுகிறார்கள்.

கருவி துல்லியமானது. வகுத்தல் கணக்கும் சரியாகவே இருக்கட்டும். அப்படியென்றால் பிழை எங்கே? முதலில் மனிதர்களைச் சாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு சாதிக்கும் ஒரு சராசரி எடுத்தார்கள். சராசரி எடுத்ததும் சாதிக்குள் இருக்கும் விதவிதமான மூக்குகள் காணாமல் போய்விட்டன. பிறகு எந்த அடுக்கு ஏற்கெனவே மனதில் இருந்ததோ, அந்த அடுக்கையே எண்ணிலும் கண்டார்கள். அடுக்குக்கு மூக்குதான் காரணம் என்பதற்கோ சோதனையே இல்லை.

அதே காலத்தில் வில்லியம் குரூக் என்ற இன்னொரு அதிகாரி, இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதியின் அளவீடுகளைப் பார்த்துவிட்டு, சாதிகளை இனங்களாகப் பிரிக்க முடியாது, தொழில்தான் அடிப்படை என்று 1896இல் எழுதினார். 1930களில் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ், ரிஸ்லியின் அட்டவணைகளை மறுபடி உட்கார்ந்து சரிபார்த்துத் திருத்தி வெளியிட்டார். பிறர் சரிபார்க்கும்படி தரவை அச்சில் வைத்தது ரிஸ்லி செய்த ஒரு நல்ல காரியம். தரவு வெளியில் இருந்ததால்தான் அதை அவருக்கு எதிராகவே திருப்ப முடிந்தது. அப்படித் திருப்பியவர்களில் ஒருவரிடம் இப்போது வருகிறேன்.

இருபத்தைந்து வயது மாணவர் ஒருவர்

1916 மே 9. நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். கோல்டன்வைசர் என்ற மானுடவியலாளரின் கருத்தரங்கு. 25 வயது மாணவர் ஒருவர் இந்தியாவில் சாதிகள் எப்படி இயங்குகின்றன, எப்படித் தோன்றின, எப்படிப் பரவின என்று ஒரு கட்டுரை வாசிக்கிறார். அம்பேத்கர். இன்றைக்கு நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கும் அவர் நின்ற இடத்துக்கும் வயதில் ஆறேழு ஆண்டுதான் தூரம்.

அந்தக் கட்டுரையை அறிவியல் முறைக்கான பாடமாக எடுத்துப் படித்துப் பாருங்கள். முதல் வேலையாக அவர் ரிஸ்லி, செனார்ட், நெஸ்ஃபீல்ட், கேட்கர் ஆகியோர் சாதிக்குக் கொடுத்த வரையறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது சாதியின் உயிர்நாடி, எது அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது என்று பிரிக்கிறார். ஐரோப்பிய ஆய்வாளர்கள் தங்களுக்குள் இருந்த நிறவெறியினால் சாதிக்கும் நிறமே காரணம் என்று எண்ணிவிட்டார்கள் என்றும் சொல்கிறார்.

பிறகு தன் கருதுகோளை வைக்கிறார். சாதியின் சாரம் அகமணம். தன் குழுவுக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம். இதை எடுத்துவிட்டால் சாதி இல்லை.

இதோடு நின்றிருந்தால் அது ஒரு நல்ல கருத்து, அவ்வளவுதான். அவர் அடுத்து ‘அப்படியென்றால்’ என்று கேட்கிறார். இது சரியென்றால் வேறு என்னவெல்லாம் நடந்திருக்க வேண்டும்? ஒரு குழு கதவை மூடிக்கொள்கிறது, வெளியே மணம் கிடையாது. அப்போது குழுவுக்குள் மண வயதில் இருக்கும் ஆண்களும் பெண்களும் சம எண்ணிக்கையில் இருந்தாக வேண்டும். ஆனால் கணவன் முதலில் சாவான், அல்லது மனைவி முதலில் சாவாள். ஒரு பெண்ணோ ஆணோ உபரியாக நிற்பார்கள். அவர்களை விட்டுவைத்தால் வெளியே போய் மணந்துகொள்வார்கள், கதவு உடையும். ஆகவே உபரிப் பெண்ணை என்ன செய்வது? கணவனோடு எரிக்கலாம். அல்லது விதவையாக்கி முடக்கலாம். உபரி ஆணை என்ன செய்வது? துறவியாக இருக்கச் சொல்லலாம். அல்லது இன்னும் பருவம் வராத சிறுமியைக் கட்டிவைக்கலாம். உடன்கட்டை, கைம்மைக் கொடுமை, குழந்தைத் திருமணம். தனித்தனிச் சமூகக் கேடுகள் என்று பிறர் பேசிக்கொண்டிருந்த மூன்றையும் ஒரே கருதுகோளிலிருந்து அவர் வரவழைத்துக் காட்டினார்.

அடுத்த படி இன்னும் கூர்மையானது. கதவை முதலில் மூடியவர்கள் பார்ப்பனர்கள், மற்றவர்கள் அதைப் பார்த்துப் போலச்செய்தார்கள் என்கிறார். அப்படியென்றால் என்ன எதிர்பார்க்க வேண்டும்? பார்ப்பனருக்கு மிக நெருக்கமான சாதிகளில் இந்த மூன்று வழக்கங்களும் இருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளியிருப்பவற்றில் கைம்மையும் குழந்தைத் திருமணமும் மட்டும். இன்னும் தள்ளினால் குழந்தைத் திருமணம் மட்டும். கடைசியில் இருப்பவர்களிடம் சாதி என்ற நம்பிக்கை மட்டும். நாட்டில் காணப்படுவதும் இந்த வரிசைதான் என்று காட்டுகிறார்.

கவனியுங்கள். இந்த இடத்தில் அவர் கழுத்தை நீட்டுகிறார். வரிசை தலைகீழாக இருந்திருந்தால், அதாவது உடன்கட்டையும் கைம்மையும் அடுக்கின் கீழே இறுக்கமாகவும் மேலே தளர்வாகவும் இருந்திருந்தால், அவர் கருதுகோள் செத்திருக்கும். என் முதுகலை ஆசிரியர் சொன்னதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். இந்தக் கருதுகோளால் தோற்க முடியும்.

கட்டுரையை அவர் எப்படி முடிக்கிறார் தெரியுமா? சாதி பற்றி ஒரு கோட்பாட்டை முன்வைக்கும் ஆசை எனக்கு உண்டு, ஆனால் அது நிற்காது என்று யாராவது காட்டினால் அதே மனத்தோடு கைவிடவும் தயார் என்ற பொருளில் முடிக்கிறார். சாதியால் வகுப்பறையில் தனியே உட்கார வைக்கப்பட்டவர், சாதியைப் பற்றிய தன் முதல் ஆய்வை ‘தவறென்றால் கைவிடுகிறேன்’ என்று முடிக்கிறார். எந்தச் சாஸ்திரமாவது இப்படி ஒரு வரியோடு முடிந்திருக்கிறதா?

எதிராளியின் அளவுகோல்

1948இல் அவர் தீண்டத்தகாதவர்கள் பற்றி எழுதிய நூலில் மூக்குக்கு வருகிறார். தீண்டப்படாதவர்கள் வேறு இனம், அதனால்தான் ஒதுக்கினார்கள் என்ற கோட்பாடு அப்போதும் வலுவாக இருந்தது. மூக்கை அளப்பது அபத்தம் என்று சொல்லி அவர் ஒதுங்கியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. சமூகவியலாளர் குர்யே திரட்டியிருந்த மூக்குக் குறியீட்டெண்களை எடுத்தார். ஒவ்வொரு பகுதியிலும் பார்ப்பனரின் எண்ணையும் தீண்டப்படாதவரின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

அவர் வாதத்தின் வடிவம் இது: உடல் அளவு இனத்தைக் காட்டும் என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள். சரி, ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொள்கிறேன். அப்படியென்றால் உங்கள் எண்களின்படியே பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஓர் இனம். ஒருவர் ஆரியரென்றால் மற்றவரும் ஆரியர். ஒருவர் திராவிடரென்றால் மற்றவரும் திராவிடர். ஆகவே தீண்டாமைக்கு இன வேறுபாடு காரணமாக இருக்க முடியாது.

தர்க்கத்தில் இதை இப்படிச் சொல்வார்கள்: இது உண்மையென்றால் அது நடந்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. ஆகவே இது உண்மையில்லை. எதிராளியைத் திட்டாமல், அவர் அளவுகோலாலேயே அவரை அளப்பது. சமூக ஊடகத்தில் சண்டை போடும் தோழர்கள் இதைக் கொஞ்சம் பழகலாம்.

அம்பேத்கரையும் சோதிக்கலாமா?

இதுவரை நான் பேசியது உங்களுக்குப் பிடித்திருக்கும். இனிப் பேசுவது கொஞ்சம் நெருடலாம்.

இதேபோன்ற ஒரு கூட்டத்தில் ஒரு தங்கை எழுந்து கேட்டாள்: “அக்கா, இப்போ டி.என்.ஏ. ஆராய்ச்சி எல்லாம் வந்துடுச்சே. அதுல சாதிக்குச் சாதி வித்தியாசம் காட்டுதுன்னு சொல்றாங்க. அப்ப அம்பேத்கர் சொன்னது தப்பா?” அரங்கம் அமைதியாகிவிட்டது. அவளை யாரோ முறைத்தார்கள். நான் சொன்னேன், இன்றைய கூட்டத்தில் கேட்கப்பட்ட ஒரே அறிவியல் கேள்வி இதுதான் என்று.

பதிலைப் பார்ப்போம். 2009இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, பெரும்பாலான இந்தியக் குழுக்கள் இரண்டு பழைய மூதாதை மரபுகளின் கலப்பு என்று காட்டியது. ஆய்வாளர்கள் அவற்றுக்குத் தொல் வட இந்தியர், தொல் தென்னிந்தியர் என்று பெயர் வைத்தார்கள். தொல் வட இந்திய மரபின் பங்கு பெரும்பாலான குழுக்களில் 39 முதல் 71 விழுக்காடு வரை இருந்தது. மேல்சாதிகளிலும் இந்தோ-ஐரோப்பிய மொழி பேசுவோரிடமும் அந்தப் பங்கு கூடுதல்.

ஆகவே 1948இல் மூக்கு எண்களை வைத்துச் சொன்னதை அப்படியே, எழுத்து மாறாமல், இன்றைக்கும் சொல்ல முடியாது. சராசரியில் வேறுபாடு இருக்கிறது. இதைச் சொல்ல நாம் தயங்கக் கூடாது. தயங்கினால் 40.1 நொடி என்று எழுதிய பள்ளி மாணவியாகிவிடுவோம். ஆனால் வேறுபாடு எப்படிப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். சுத்தமான குழு என்று ஒன்று அந்த எண்களில் இல்லை. எல்லோரும் கலப்பு, அளவுதான் கூடக் குறைய. யாருடைய கலப்பு எவ்வளவு என்பது யார் யாரைத் தொடலாம், யார் மலம் அள்ள வேண்டும் என்பதற்குக் காரணமாகவும் ஆகாது. மூதாதை விழுக்காட்டிலிருந்து அடுக்கை வரவழைக்க எந்தச் சூத்திரமும் இல்லை. ரிஸ்லி தாண்டிக் குதித்த பள்ளம் இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது.

அடுத்து, 2013இல் வந்த ஆய்வு. ஐதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வாளர்களும் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் ஆய்வாளர்களும் சேர்ந்து 73 குழுக்களின் மரபணுத் தரவைப் பார்த்தார்கள். ஏறத்தாழ 4200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1900 ஆண்டுகளுக்கு முன்பு வரை பெரிய அளவில் கலப்பு நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு, பக்கத்துப் பக்கத்துக் குழுக்களுக்கு இடையிலேகூடக் கலப்பு அரிதாகிவிட்டது. காரணம் அகமணம் என்றார்கள்.

1916இல் மாணவர் ஒருவர் மரபணு என்ற கருவியே இல்லாத காலத்தில், சாதியின் சாரம் அகமணம், அது ஒரு காலத்தில் இல்லை, பிறகு யாரோ கதவை மூடினார்கள் என்றார். கிட்டத்தட்ட நூறாண்டு கழித்து, அவர் நினைத்தே பார்த்திராத ஒரு கருவி, கதவு ஒரு காலத்தில் திறந்திருந்தது, பிறகு மூடப்பட்டது என்கிறது. ‘அனாதி காலம் தொட்டு’ என்று சொல்பவர்களுக்கு இது பெரிய இடி.

ஆனால் இங்கேயும் நேர்மை வேண்டும். கதவு மூடப்பட்டது என்று மரபணு சொல்கிறது. மூடியது பார்ப்பனர்தான் என்று மரபணு சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அதற்கு நூல்கள், கல்வெட்டுகள், நிலக் கணக்குகள் என்று வேறு சான்றுகளைத் தேடிப் போக வேண்டும். ஒரு சோதனை எதைச் சொல்கிறதோ அதை மட்டும் எழுது, அதற்கு மேல் எழுதாதே. நமக்குச் சாதகமாக இருக்கும்போதும் எழுதாதே.

‘அம்பேத்கரைச் சோதிப்பது அவமரியாதை’ என்று சில தோழர்கள் வருத்தப்படுவார்கள். தீண்டாமையின் தோற்றம் பற்றிய தன் நூலிலும் அவர், இதுவே இறுதி என்று உரிமை கொண்டாடவில்லை என்று எழுதியிருக்கிறார். தன்னைச் சோதிக்கச் சொன்னவரைச் சோதிக்காமல் மாலை மட்டும் போடுவதுதான் அவமரியாதை. சோதித்த பிறகும் நிற்கும் வாதத்தைத்தான் நீங்கள் நம்பி எங்கேயும் எடுத்துப் போக முடியும். விவாதத்துக்கும், நீதிமன்றத்துக்கும், நேர்முகத் தேர்வுக்கும்.

நாளை காலை என்ன செய்வது?

நீங்கள் முதலாமாண்டு. பெரிய ஆய்வுக்கூடம் உங்கள் கையில் இல்லை. நான்கு பழக்கங்கள் மட்டும் சொல்கிறேன்.

ஒன்று: சோதனையைத் தொடங்கும் முன், என்ன வரும் என்று நினைக்கிறீர்களோ அதை எழுதிவையுங்கள். எது வந்தால் உங்கள் எண்ணம் தவறு என்பதையும் எழுதுங்கள். பிறகு எழுதினால் மனம் ஏமாற்றும்.

இரண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

மூன்று: வந்த எண்ணை அழிக்காதீர்கள். குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டு அடியுங்கள், ஆனால் படிக்கும்படி விடுங்கள். என்னை நானே மன்னிக்க முடியாமல் இருப்பது 10.9 வந்ததற்காக அல்ல, அதை ரப்பரால் தேய்த்ததற்காக.

நான்கு: நமக்குப் பிடித்த செய்தியை இரண்டு மடங்கு சந்தேகியுங்கள். அம்பேத்கர் படத்தோடு, பெரியார் படத்தோடு, அவர்கள் சொல்லாத வாக்கியங்கள் எத்தனை வாட்ஸப்பில் சுற்றுகின்றன? நாமே எத்தனையை அனுப்பியிருக்கிறோம்? பொய் அவர்களுக்குப் பழகிய ஆயுதம். நாம் அதைத் தூக்கினால் நமக்குத்தான் கை அறுபடும்.

இதெல்லாம் எதற்கு, மதிப்பெண் போய்விடுமே என்று கேட்பீர்கள். நியாயம். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நமக்கு ஒவ்வொரு மதிப்பெண்ணும் உயிர். 9.8 வராவிட்டால் திட்டுகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு என்னிடம் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. ‘10.9 வந்தது’ என்று எழுதுங்கள். அதற்குக் கீழே, ‘காரணம் இதுவாக இருக்கலாம், மறுமுறை எண்ணிக்கையைச் சரிபார்த்துச் செய்தேன், இப்போது இவ்வளவு வந்தது’ என்று எழுதுங்கள். நல்ல ஆசிரியர் என்றால் அதற்குக் கூடுதல் மதிப்பெண் கொடுப்பார். கொடுக்காதவரிடம் வாதாட உங்கள் கையில் சான்று இருக்கும்.

‘கை வராது’ என்று சொன்ன ஆசிரியரிடம் அன்றைக்கு நான் ஒன்றும் பேசவில்லை. பயம். இன்றைக்கு இருந்தால் கேட்பேன்: “சார், எதைக் காட்டினால் நீங்க சொன்னது தப்புன்னு ஒத்துக்குவீங்க?” அவரிடம் பதில் இருக்காது. ஆனால் வகுப்பில் இருக்கும் அறுபது பேருக்கும் அவரிடம் பதில் இல்லை என்பது தெரிந்துவிடும்.

இன்று இரவு வீட்டிலோ விடுதியிலோ ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூலின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். கல்லை விடும்போது ‘ஒன்று’ என்று சொல்லாதீர்கள். ‘பூஜ்யம்’ என்று சொல்லி எண்ணத் தொடங்குங்கள். என்ன வந்தாலும் அதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம்.